மூன்று தட்டு

786

புதுப்பட்டினம்
4.8.2025, திங்கட்கிழமை

என் கண்மணிப் பேத்தி ஹனியாவுக்கு உன் நன்னிம்மா ஜெய்புன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மா ஃபர்சானாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். சவூதியில் தம்மாமில் உன் அத்தாவும் சுகம் என்று வெள்ளிக்கிழமை பேசினார். நீதான் ஐதராபாத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியவில்லை. கேட்டால் ‘சாப்ட்டேன் நன்னிம்மா’ என்கிறாய். என்ன சாப்பிட்டாய் என்றால் பேச்சை மாற்றுகிறாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைக்காதே. உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, நான் ஒன்று கேட்பதற்குள் அவள் மூன்று கேட்டுவிடுகிறாள். நான் ஐந்தாம் வகுப்பு பாதிவரை படித்தவள். மீதிப் பாதியைப் படிக்கவிடாமல் நிறுத்தியவர் என் தாய்மாமன். அவர் மவுத்தாகி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை. படித்த பாதியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ரயில் ஏறியதிலிருந்து ஊருக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. விமானத்தில் டீ கொடுக்கிற வேலைதானே, அதற்கு மாசக் கணக்கில் படிப்பா என்று கேட்காதவர் இல்லை. நான் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். மெட்ராஸ் ஓட்டலில் அறுநூறு பிள்ளைகள் வரிசையில் நின்றதைச் சொல்கிறேன். சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் கோடு போட்டு, செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தூக்கி விரல் நுனியால் தொடச் சொன்னதைச் சொல்கிறேன். நீ கோட்டைத் தாண்டியே தொட்டாய். நம் வீட்டுப் பரண்மேல் இருக்கும் மாவு டின்னை எட்டி எட்டி எடுத்த கை அது. பல்லைப் பார்த்தார்கள், நடையைப் பார்த்தார்கள், எடை போட்டார்கள். இங்கிலீஷில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அணுபுரம் பூங்கொடி டீச்சரிடம் இரண்டு வருஷம் பஸ் ஏறிப் போய் வந்தது அங்கே உதவியது. கையைத் திருப்பித் திருப்பித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் பதினாலு பேரை எடுத்தார்கள். அதில் நீ ஒருத்தி. அப்ளிகேஷனுக்கு உன்னைக் கண் மூடியபடி போட்டோ எடுத்துக் கொடுத்த செங்கல்பட்டு ஸ்டுடியோக்காரனிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று இருக்கிறது. முட்டிவலிதான் விடவில்லை.

டீ கொடுப்பது கடைசி வேலை என்று சொல்கிறேன். முதலில் தீயை அணைக்கத் தெரிய வேண்டும். நெஞ்சு நின்றுபோனவனை எப்படி அழுத்துவது என்று ரப்பர் பொம்மையில் முப்பது முப்பதாக எண்ணிப் பழக வேண்டும். பிரசவ வலி வந்தால் கை நடுங்காமல் பார்க்க வேண்டும். விமானம் தண்ணீரில் இறங்கினால் ரப்பர் படகில் ஆட்களை இழுத்துப் போட வேண்டும். தரையில் ஆபத்து என்றால் தொண்ணூறு விநாடிக்குள் அத்தனை சனத்தையும் வெளியே இறக்க வேண்டும். நீ சொன்னதை ஒன்று விடாமல் நான் ஒப்பிக்க, கேட்டவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். கடலோரத்தில் பிறந்தும் கணுக்காலுக்கு மேல் நனையாத பிள்ளை நீ. தண்ணீர்ப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாய் என்றதும் நான் இரண்டு ரக்அத் தொழுதேன்.

என் கொழுந்தன், உன் சின்ன நன்னா மொய்னுதீன் ஒருவர்தான் வாயடைக்கவில்லை. முன்பக்கக் கடையில் துணி எடுக்க வந்த யாரிடமோ, ‘டீ குடுக்கறதுக்கு ஐதராபாத் போவணுமா? இங்கியே நல்லாத்தான குட்துகினு இருந்துச்சு பொண்ணு’ என்று சொல்லிச் சிரித்தது நடுக்கதவு வழியாக என் காதில் விழுந்தது. இதையும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டேன். நீ இன்டர்வியூவுக்குப் போட்ட கறுப்புக் கோட்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அதையும் மறக்கவில்லை. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உன் அறையில் இருக்கும் மதுராந்தகம் ரேணுகா உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாளாமே. டீ ஆறுகிறது என்று வாயால் சொல்லாமல் கதவு நிலையில் ஒரு தட்டுத் தட்டுகிறாயாம். அவளுக்கு விளங்கும்படி சொல்லு. எங்கள் வீட்டில் முன்பக்கம் ஜவுளிக்கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரே கதவு. கடைக்கு நாலு பேர் வருவார்கள், போவார்கள். பின்னாலிருக்கும் பெண்பிள்ளை குரல் முன்னால் கேட்கக் கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம். அதனால் நான் வாழ வந்த முதல் வருஷமே பூரிக்கட்டையால் கதவில் தட்டிச் சேதி சொல்லும் முறையைக் கண்டுபிடித்தேன். ஒரு தட்டு என்றால் டீ. இரண்டு தட்டு என்றால் சோறு. மூன்று தட்டு என்றால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உடனே வா. யாரையும் மெச்சாத மாமியார் இதை மெச்சினார். நீ மூன்று வயதில் மூன்று தட்டுத் தட்டிக் கடையிலிருந்த எல்லோரையும் ஓடிவர வைத்துவிட்டு, பொம்மைக்குச் சட்டை வேண்டும் என்று கத்தினாய். அதற்குப்பின் நீயும் முறையாகப் பழகிவிட்டாய். அந்த வீட்டில் பெண்குழந்தை இருப்பதே தெரியவில்லை என்று ஊர் சொல்லும். எனக்கு அதில் பெருமை.

மூன்று தட்டு ஒரே ஒரு நாள்தான் பொய்த்தது. உன் அம்மாவுக்கு நாலு வயது. கொதிக்கிற கஞ்சி கையில் கொட்டிவிட்டது. உன் நன்னா சரக்கெடுக்கச் செங்கல்பட்டு போயிருந்தார். கடையில் மொய்னுதீன் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்பது தடவை மூன்று தட்டுத் தட்டினேன். அவர் காதில் விழவில்லை. பிறகு வந்தார், வந்து என்ன? அன்றைக்கு நிறுத்தியதுதான் அவரோடு பேச்சு. நாற்பத்தோரு வருஷம். கடை இங்கே என்பதால் அவருக்குப் பதினொரு மணி டீ போகும், மத்தியானச் சோறு போகும், கதவுத் தட்டு போகும். பேச்சு மட்டும் போகாது.

உன் கையில் தழும்பு இல்லை என்று அந்த ஓட்டலில் எழுதிக்கொண்டார்கள் என்றதும் நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். உன் அம்மா சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உதட்டுச் சாயம் கலையும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. கொண்டை ஊசி குத்தித் தலை வலித்தால் படுக்கும்முன் எண்ணெய் வை. உன் காலடி படும் இடமெல்லாம் சலாமத்தாக இருக்க துஆ கேட்டுக்கொண்டிருக்கும்,

உன் நன்னிம்மா
ஜெய்புன்னிசா


786

புதுப்பட்டினம்
26.8.2025, செவ்வாய்க்கிழமை

அருமை ஹனியாவுக்கு நன்னிம்மாவின் சலாம். நபிகள் பிறந்த மாசத்துப் பிறை பார்த்தாயிற்று. பள்ளியில் மௌலூது ஓதத் தொடங்கிவிட்டார்கள், நேர்ச்சைச் சோறு வாசனை தெருமுனை வரை வருகிறது. உன் பங்கை நான் சாப்பிடுகிறேன்.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வர வேண்டும். நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி, போஸ்ட் ஆபீஸ் லீவு; அதனால் இன்றே மூடுவதற்குள் நானே கொண்டுபோய் ஸ்பீடு போஸ்டில் போடுவேன். கவுண்டரில் இருக்கும் மோசஸ் போன தடவை, மூன்று நாளில் போய்விடும் பாயம்மா என்று சொன்னான். மூன்று நாளில்தான் போனது. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை நீ அழுதுகொண்டே பேசியதை உன் அம்மா சொன்னாள். தரையில் நிறுத்தி வைத்த பொய் விமானமாம். விளக்கை அணைத்துப் புகையை விட்டார்களாம். நீ கதவோரம் நின்று, பெல்ட்டைக் கழற்றுங்கள், சாமானை விடுங்கள், இந்தப் பக்கம் வாருங்கள், குதியுங்கள் என்று இங்கிலீஷில் கத்த வேண்டுமாம். வாய் திறந்தது, குரல் வரவில்லை. கைதான் தானாகப் போய்ச் சுவரில் மூன்று தட்டுத் தட்டியதாம். நம் வீடாக இருந்தால் எல்லோரும் எழுந்து ஓடியிருப்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? பயணிகளாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தொண்ணூறு விநாடி போய்விட்டது. சொல்லிக் கொடுக்கும் மேடம், ஏன் தட்டினாய் என்று கேட்டாராம். இப்போது பிள்ளைகள் மேசையைக் கண்டால் மூன்று தட்டுத் தட்டிச் சிரிக்கிறார்களாம்.

வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு தடவை நிறுத்துவார்கள், அதிலும் குரல் வராவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதற்குள் நானே வந்துவிடுகிறேன், பையைக் கட்டிவிட்டேன் என்றாயாம். ‘சின்னதுலேருந்து சத்தம் போடாதன்னு வளத்துட்டு, இப்ப கத்துன்னா எப்பிடிம்மா கத்தறது’ என்று கேட்டாயாம். இதைச் சொல்லும்போது உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்.



ஹனியா, போன கடிதத்தில் ஒன்பது தடவை தட்டினேன் என்று எழுதினேன். அது சரி. என் ஞாபகத்தில் பிசகு கிடையாது. பிசகு இல்லாததால்தான் எழுதாமல் விட்டதும் ஞாபகம் இருக்கிறது.

கஞ்சி கொட்டிய அன்றும் செவ்வாய்க்கிழமை. நான் மாம்பழ நிறத்தில் வாயில் புடவை கட்டியிருந்தேன். கடையில் கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து மூன்று ஆண்கள் வேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுக்கதவு சாத்தியிருக்கவில்லை. ஒரு முழம் திறந்துதான் இருந்தது. அந்தச் சந்தில் மொய்னுதீனின் முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்தது. பத்தடி தூரம். உன் அம்மா என் இடுப்பில் இருக்கிறாள். சட்டைக் கையோடு கஞ்சி ஒட்டிக்கொண்டு எரித்துக்கொண்டே இருக்கிறது. குழந்தைக்கு மூச்சுப் பிடித்துக்கொண்டு அழுகைகூட வரவில்லை. ‘தம்பி’ என்று ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. வெளி ஆண்கள் நிற்கிறார்கள், குரல் போகக் கூடாது என்று, திறந்து கிடக்கிற கதவில் தட்டிக்கொண்டு நின்றேன். பத்தாவது தடவை கட்டையைத் தூக்கியபோது குழந்தைக்கு மூச்சு வந்து அலறினாள். அதைக் கேட்டுத்தான் அவர் ஓடி வந்தார். தண்ணீரைக் கொட்டியது அவர், வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவர். அன்று கூப்பிட்டது நாலு வயதுக் குழந்தை, பெற்றவள் கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மொய்னுதீன், ‘கூப்ட்ருக்கலாமே அண்ணி’ என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அவருக்குக் காது கேட்காததற்காக நான் பேச்சை நிறுத்தவில்லை. அந்த ஒரு கேள்விக்காக நிறுத்தினேன். அது சரியான கேள்வி. அதனால்தான் பொறுக்கவில்லை. பிறகு நீ பிறந்தாய், உன்னையும் அதே கதவில் தட்டப் பழக்கினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். ‘வலி எனக்கு ஞாபகமே இல்லம்மா. நீ தட்டன சத்தந்தான் ஞாபகம் கீது. அது நிக்கணும்னுதான் கத்துனேன்’ என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். கதவைத் தட்டவில்லை. ‘அம்மா, டீ’ என்று கூப்பிட்டாள்.

நேற்றுக் காலை மீன்காரி தனகோடி கூடையோடு வந்தாள். அவள் குரல் உனக்குத் தெரியும், தெருமுனையில் ‘சங்கரா’ என்றால் நம் வீட்டுக் கொல்லையில் பூனை எழுந்து நிற்கும். எப்படியடி இப்படிக் கத்துகிறாய், என் பேத்திக்கு வேலைக்கு வேண்டியிருக்கிறது என்று கேட்டேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வகுப்பே எடுத்தாள். ‘தொண்டையால கூவாத பாயம்மா, மூணு தெரு தாண்டறதுக்குள்ள கட்டிக்கும். வவுத்த எக்கி அடியிலேருந்து எடுக்கணும். எத்தினி பேரு பாக்கறான்னு நெனைக்கவே கூடாது. ஒரே ஒரு வூட்டுக்காரிய மனசுல வெச்சிக்கினு அவ ஒருத்திக்குக் கூவு. மத்தவளுங்கோ தானா வருவாளுங்கோ’ என்றாள். அவள் முன்னாலேயே நான் முயன்று பார்த்தேன். நீ சொல்லியிருந்த இங்கிலீஷ் வார்த்தையைத்தான் சொன்னேன், ‘ஜம்ப்!’ என்று. ‘இன்னா பாயம்மா, கொசுவயா தொரத்தற? இன்னும் எடு’ என்றாள். உன் அம்மா முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள், சிரிப்பு தாங்காமல் அரிவாள்மனையை விட்டு எழுந்துவிட்டாள். ஏழாவது தடவை கத்தியபோது பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்றாள். தனகோடி, இப்போது சரி என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இன்று பதினொரு மணிக்கு மொய்னுதீனுக்கு டீ போட்டேன். வழக்கம்போல் கட்டையை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு நடுக்கதவை முழுக்கத் திறந்தேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள், ஆணும் பெண்ணுமாக. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு துணி வெட்டிக்கொண்டிருந்தார். அதே இடம், அதே பத்தடி. அவருக்கு இப்போது இரண்டு காதிலும் மெஷின் இருக்கிறது. வயிற்றை எக்கி, ‘மொய்னுதீன் தம்பீ! டீ ஆறுது, வாங்க!’ என்று கத்தினேன்.

கத்தரிக்கோல் கீழே விழுந்தது. எதிர்ப்பக்கத்துச் செருப்புக்கடையிலிருந்துகூட எழுந்து பார்த்தார்கள். அவர் ஒரு காலில் செருப்போடு ஓடி வந்தார், யாருக்கு என்ன, பாப்பாவுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே. நாற்பத்தைந்து வயதான உன் அம்மாவைத்தான் பாப்பா என்கிறார். யாருக்கும் ஒன்றும் இல்லை, டீ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நான் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். மெஷின் வழியாகக் கேட்டதோ இல்லையோ தெரியாது. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, ‘சக்கர கம்மியா கீது அண்ணி’ என்றார்.

நாற்பத்தோரு வருஷமாக அதே சர்க்கரைதான் போடுகிறேன். பாவம், சொல்ல வழியில்லாமல் குடித்திருக்கிறார்.

உனக்கு அவர் ஒரு சேதி சொல்லியனுப்பினார். அந்தக் கறுப்புக் கோட்டில் அக்குள் பக்கம் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருக்கிறாராம். கத்தும்போது நெஞ்சு பிடித்தால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளச் சொன்னார். மூச்சுக்கு இடம் வேண்டுமாம். டீ கொடுக்கிற வேலை என்று சிரித்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதை வேறொரு நாள் கேட்பேன்.

பையை அவிழ்த்துவிடு, தங்கம். உனக்குக் குரல் இல்லாமல் இல்லை. மூன்று வயதில் பொம்மைச் சட்டைக்காக நீ போட்ட சத்தம் நான் கேட்டது. அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியவள் நான்தான். உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த மேடம் கேட்டால் இதைச் சொல்லு. பேர் போட்டே சொல்லு, ஜெய்புன்னிசா என்று.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நடுக்கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஐதராபாத்தில் கத்தினால் புதுப்பட்டினத்தில் கேட்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் திறந்து வைப்பேன். யாரை மனசில் வைத்துக்கொண்டு கூவுவது என்று தெரியாமல் நின்றாயானால் என்னை வைத்துக்கொள். விளக்கு அணைந்துவிட்டது, புகைக்குள்ளே உட்கார்ந்திருப்பது உன் நன்னிம்மா. காது கொஞ்சம் மந்தம், முட்டி வலி வேறு. எழுந்திருக்கவும் தெரியவில்லை, எந்தப் பக்கம் வருவது என்றும் தெரியவில்லை.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லம்மா. வந்துவிடுகிறேன்.

அல்லாஹ் உன் நெஞ்சை விரிவாக்கி, நாவின் முடிச்சை அவிழ்த்து வைப்பானாக. ஆமீன்.

உன்
நன்னிம்மா